உலக்கை இல்லாத ஒப்பாரி

“சத்தியம் பண்ணுங்க மதினி! மாரியாத்தா பேரச் சொல்லிச் சத்தியம் பண்ணுங்க, நீங்க எடுக்கலன்னு!”

“நான் எதுக்குடி சத்தியம் பண்ணணும்? ஒலக்கை என்னுது. என் வீட்டு ஒலக்கைய நானே திருடுவேனா? கொழும்புக்காரன் ஒரு பாட்டப் புடிச்சிட்டுப் போனாலும் போனான், ஒனக்கு மனுச மக்க தெரியாமப் போச்சு!”

“வெறுஞ் சேலைக்கு முன்னால ஒக்காந்து ஒப்பாரி வச்சிருக்கேன் மதினி. வெறுஞ் சேலைக்கு! உள்ள ஒண்ணுமே இல்ல!”

பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வைத்த குடங்கள் நிரம்பி வழிந்தன. ஒருத்தியும் எடுக்கவில்லை. கந்தப்பளைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், ஒரு நல்ல சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் சுமக்கும் பெண் இன்னும் பிறக்கவில்லை.

கத்திக்கொண்டிருந்தவள் சண்முகவடிவு. கல்யாணமாகாத பெண். எதிரே இடுப்பில் கைவைத்து நின்றவள் நாகலெட்சுமி, வடிவின் ஒன்றுவிட்ட அண்ணன் கந்தப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் வரிசை வீடான லயத்தின் கூரையைத் தொடாத சுவர். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். பொறாமைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்த லயத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிணமில்லாமல் ஒப்பாரி வைக்கக் கூடாது. பழகிப் பார்ப்பதென்றாலும், இளசுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றாலும், ஓர் உலக்கையை நீளவாக்கில் கிடத்திச் சேலையால் போர்த்திவிட்டுத்தான் தலையை அவிழ்ப்பார்கள். உலக்கைதான் அப்போது பிணம். பாடி முடிந்ததும் அதைப் பீலிக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டி, முடிப்புப் பாட்டைச் சொல்லி எழுப்பிவிட வேண்டும். உலக்கை இல்லாமல் பாடினால், பாட்டு தன் பிணத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும்.

“யாரத் தேடும்னு ஒங்களுக்குத் தெரியாததா?” வடிவு ஓர் எட்டு முன்னால் வந்தாள். “பாடுனவளத் தேடும். இல்லாட்டி, ஒலக்கைய எடுத்தவளத் தேடும். ரெண்டுல ஒண்ணு.”

“எடுத்தவ யாரோ, அவகிட்டப் போய்ச் சொல்லு.” நாகலெட்சுமி நிரம்பி வழிந்த தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “மாரியாத்தா சத்தியமா நான் எடுக்கல. போதுமா?”

எடுத்தவள் அவள்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம் அது. ரேடியோவில் ஒரு தொடர் நாடகம் தயாராகிக்கொண்டிருந்தது. ரேடியோ நிலையத்துக்குள்ளேயே ஒரு பாடகி செத்துக் கிடக்கிறாள். கொன்றது யாரென்று வாராவாரம் கோர்ட்டில் விசாரணை. செத்தவளின் தாய் சாட்சிக் கூண்டில் ஏறி ஒப்பாரி வைக்கிற கட்டம் ஒன்று உண்டு. அதற்கு நடிகையின் அழுகை போதாது, நிஜமாக அழத் தெரிந்தவள் வேண்டும் என்று கண்ணாடி போட்ட ஒரு மனிதர் கொழும்பிலிருந்து வேனில் வந்து இறங்கினார். தோட்டத்து முச்சந்தியில் கடை வைத்திருந்த இக்ராம் நானாவிடம் விசாரித்தார்.

“ஒப்பாரியா? வேற ஆளே வேணாம். நாகலெட்சுமியக் கூப்பிடுங்க,” என்றார் நானா. பொய்யில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் நாகலெட்சுமி வந்து உட்கார்ந்த பிறகுதான் அது சாவு வீடாகும்.

கண்ணாடிக்காரர் அவளைக் கேட்டார். நாகலெட்சுமி தலையைக் குனிந்து, “தொண்டை கட்டியிருக்குங்க,” என்றாள். அந்த ஊரில் அதற்கு அர்த்தம், இன்னொரு தரம் கேள் என்பது. இரண்டாம் தரம் கேட்டால், “எனக்கு என்ன தெரியும்” என்பாள். மூன்றாம் தரம் உலக்கையைக் கிடத்திப் பாடிவிடுவாள். கொழும்புக்காரருக்கு அந்த மரியாதையெல்லாம் எங்கே தெரியும்? “அப்படியா, பாவம்,” என்று சொல்லிவிட்டு, பின்னால் குடத்தோடு நின்ற வடிவைப் பார்த்து, “நீ பாடுவியாம்மா?” என்றார். அந்தக் கழுதையும் உடனே ஒரு தாலாட்டைப் பாடிவிட்டது.

“இந்தக் குரல்தான்,” என்றார் அவர்.

அந்த வார்த்தை நாகலெட்சுமியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு புள்ளைக்காம்பராவில் பாட்டை மெஷினில் பிடித்தார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் அந்த அறையில், தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டி, நடுவில் உலக்கையைக் கிடத்தி, வடிவு தன் பச்சைச் சேலையைப் போர்த்தினாள். உலக்கை கொடுத்தது நாகலெட்சுமி. பெருந்தன்மை காட்டாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? வேனிலிருந்து மெஷினை இறக்குவதைப் பார்க்க எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் ஓடவில்லை. சேலைக்கடியில் கைவிட்டு உலக்கையை உருவினாள். சேலையைத் தட்டி, மடித்து, உள்ளே ஏதோ படுத்திருப்பதுபோல் மேடு பண்ணினாள். பின்கதவு வழியாகத் தேயிலைக்குள் புகுந்து, வீட்டுப் பரணில் விறகோடு விறகாகச் சொருகிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

யாரையும் சாகடிக்க அவள் நினைக்கவில்லை. பாட்டு சரியாக வராது, தடுக்கும், கொழும்புக்காரர் முகம் சுளிப்பார் என்றுதான் நினைத்தாள். ஆனால் வடிவு அன்றைக்கு அழுத அழுகை! மெஷின்காரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுதான் நாகலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

நாடகம் தொடங்கியது. ஞாயிறு தேத்தண்ணி நேரத்துக்கு லயம் முழுவதும் நானாவின் கடையில் இருக்கும். அரிசி மூட்டைகளுக்கு மேலே மரப்பெட்டி ரேடியோ. அதன் நெற்றியில் பூனைக்கண் மாதிரி ஒரு பச்சை வெளிச்சம். மண்ணெண்ணெயும் கருவாடும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. வெளியே மலை முழுவதையும் விழுங்கிவிட்டு மூடுபனி கடை வாசல்வரை வந்து, காசில்லாத வாடிக்கையாளன்போல உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

“சத்தம் வெளியே போகாத அறை அது, கனம் நீதிபதி அவர்களே,” என்றார் ரேடியோவில் வக்கீல். பாடகிக்கு இழுப்பு நோய். பஞ்சு வைத்து அடைத்த கதவை வெளியிலிருந்து யாரோ பூட்டிவிட்டார்கள். மைக் வேலை செய்யவில்லை. உள்ளே அவள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. கூண்டில் நிற்பவள் அவளோடு பாடும் இன்னொரு பாடகி.

“பொறாமக்காரி மொகரையப் பாரு,” என்றாள் பேச்சியம்மா, ரேடியோவில் முகம் தெரிகிற மாதிரி. பிரசவமானாலும் சாவானாலும் லயத்தில் முதல் ஆளாகக் கை வைக்கிறவள் அவள்.

அப்புறம் தாய் கூண்டில் ஏறினாள். வடிவின் குரல் கடையை நிறைத்தது.

*வெள்ளிக் கொலுசு போட்டு
வீதி வந்த என் மகளே
வீடடங்கிப் போனதென்ன
வெளக்கணைஞ்சு போனதென்ன...*

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நாகலெட்சுமி குறை தேடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அடுத்த அடியை அவள் அவ்வளவு தெளிவாகக் கேட்டாள்.

*எண்ணெ தெறிச்ச தழும்பு
எடது கையில் போட்டவளே
ஏணி வச்சுப் பரண்மேல
எதைச் சொருகி வச்சவளே...*

இடது மணிக்கட்டில் தீபாவளிக்கு எண்ணெய் தெறித்த தழும்பு. கம்பளிக்குள் கையை இழுத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

“இப்ப என்ன பாடுனா அவ?” பேச்சியம்மாவின் விலாவில் இடித்தாள்.

“கொலுசுன்னு பாடுனா. தலப் பின்னல்னு பாடுனா. ஏன், ஒன் காதுல கம்பளியா அடைச்சிருக்கு?”

வீட்டுக்கு நடந்தபோதும் கம்பளிக்குள் இழுத்த கையை வெளியே எடுக்கவில்லை. பொறாமையில் காது கெட்டுப்போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்கக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு வாடை வந்தது. சாம்பிராணியும் நசுங்கிய செவ்வந்தியும் ஈர மண்ணும் சேர்ந்த வாடை, அடுப்பு மூட்டினால் புகைக்குள் ஒளிந்துகொண்டு, புகை அடங்கியதும் மெல்ல வெளியே வந்து, அவள் போகும் மூலைக்கெல்லாம் பின்னாலேயே வந்து நிற்கும் வாடை. கந்தப்பனிடம் கேட்டாள். “ஒண்ணும் அடிக்கல,” என்றான். அவன் மூக்கை நம்ப முடியாது. சுருட்டுக் குடித்தே கெட்டுப்போன மூக்கு.

ஒரு நாள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி இராமையா பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பேச்சியம்மா. வீரம்மா. காளியாயி. அவள் பேர் வரவில்லை.

“அண்ணே, என்னைய விட்டுட்டீங்க!”

இராமையா நிமிர்ந்தார். மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து யாரோ பேசியதுபோல அவளைப் பார்த்தார். “நீ...” என்றார். பிறகு தலையை உதறிக்கொண்டு, “நிக்கிற எடம் பனியா இருக்கு புள்ள, தெரியல,” என்றார். பனி அன்றைக்கு இல்லை.

பிறகு ஒரு நாள், மலையிலிருந்து வந்த அலுப்பில் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எழுந்தபோது கால் அகலவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து ஒரு துணிக்கிழிசல் கட்டியிருந்தது. பச்சைத் துணி. தலைமாட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவிழ்க்க விரல் வளையவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

“வெளக்கு நீங்களா வச்சீங்க?”

“பகல்ல எதுக்குடி வெளக்கு?” கந்தப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான். “எங்க வெளக்கு?”

விளக்கு இல்லை. சுட்ட திரியின் நாற்றம் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் வடிவு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படியில் உட்கார்ந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

“மதினி, எனக்குத் தூக்கமில்ல. யாரோ தலமாட்டுல ஒக்காந்து மூச்சு விடுற மாதிரியே இருக்கு. ஒங்களுக்கும் ஏதாவது...”

“எனக்கென்ன? நல்லாத் தின்னுறேன், நல்லாத் தூங்குறேன்.”

“அடுத்த ஞாயித்துக்கிழம தீர்ப்பு. அன்னிக்கித்தான் பாட்டு முழுசா வருதாம், நானா சொன்னாரு. அதுக்குள்ள ஒலக்கையக் கொண்டாந்து என் முன்னால வச்சிட்டா, குளிப்பாட்டி முடிப்புப் பாட்டுப் பாடிடலாம். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது.” குரலைத் தாழ்த்தினாள். “யாரு எடுத்திருந்தாலும் நான் வெளிய சொல்ல மாட்டேன் மதினி. பாவம், ஏதோ வயித்தெரிச்சல்ல செஞ்சிருப்பாங்க.”

*பாவம்.* கொழும்புக்காரர் சொன்ன அதே சொல். நேற்று முளைத்தவள், நாலு சாவுக்குக்கூடத் தனியாக அழாதவள், தன்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள்! நாகலெட்சுமிக்குப் பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

“எழுந்திருச்சுப் போடி,” என்றாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணில் ஏறினாள். பயம் அப்படி. உலக்கையைக் கம்பளியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டாள். வடிவின் வாசல்வரை போய்விட்டாள். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

உள்ளே சிரிப்புச் சத்தம். இக்ராம் நானாவும் அவர் பெண்டாட்டி ஜெமீலாவும் வந்திருந்தார்கள். தட்டில் தொதல் இனிப்பு இருந்தது.

“கொழும்புக்கே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காரு,” நானாவின் குரல். “புள்ளைக்கு இனி ரேடியோதான். இவ்வளவு நாளா நாகலெட்சுமியோட கொரலத்தான் பெரிசுன்னு நெனச்சிட்டிருந்தோம் பாருங்க!”

“அதுவா?” ஜெமீலா சிரித்தாள். “அது தகரத்துல மழ பெய்ற மாதிரில்ல இருக்கும்!”

நாகலெட்சுமி திரும்பினாள். வீட்டுக்கு வந்து உலக்கையை மறுபடி பரணில் எறிந்தாள். கதவைச் சாத்தினாள். தீர்ப்பும் மண்ணாங்கட்டியும். செத்தாலும் அவளிடம் போய் நிற்க முடியாது.

பிற்பகலில் லயம் காலியாயிற்று. கந்தப்பனும் கடைக்குப் போய்விட்டான். பனி கூரைக்கு இறங்கியது. தகரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கூடி, சாய்வில் நகர்ந்து, ஓரத்தில் தயங்கி நின்று, கீழே விழும் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. கடை தூரம். ரேடியோ இங்கே கேட்கச் சாத்தியமே இல்லை.

கேட்டது.

“நீங்கள் கொல்லவில்லை. சரி,” என்றார் வக்கீல். சுவருக்கு அந்தப் பக்கம், வடிவின் காலி வீட்டுக்குள் நின்று பேசுவதுபோல. “அன்று அந்த அறையிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனீர்கள்?”

கூண்டில் நின்றவளின் வளையல் கட்டையில் உரசியது.

“எதை எடுத்தீர்கள்?”

நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை வாயிலேயே நின்றுவிட்டது. இறக்க முயன்றாள். கை கேட்கவில்லை. விரல் நுனியிலிருந்து ஒரு குளிர் ஏறியது, பீலித் தண்ணீர் மாதிரி. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

பாட்டு தொடங்கியது.

கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக அது இறங்கியது. அவளைச் சுற்றி வந்தது. பேர் சொல்லவில்லை, ஒப்பாரியில் பேர் சொல்லும் வழக்கமில்லை. தழும்பைச் சொன்னது. மூக்குத்தியைச் சொன்னது. அவள் இன்று என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று சொன்னது.

எழ வேண்டும். பரண். உலக்கை. ஓடிப்போய் அவள் காலில்...

முழங்கால் மடியவில்லை. மரம். உட்கார்ந்தபடியே சரிந்தாள். தலை தரையில் பட்டது. வலிக்கவில்லை. கண் பாதி மூடி, அப்படியே நின்றது. மூச்சு மட்டும் இருந்தது. நூல் மாதிரி. மெல்லிசாக.

அப்புறம் கதவு. கந்தப்பனின் அலறல். நிறைய கால்கள்.

தோட்டத்து மருந்தய்யா நுவரெலியாவுக்குப் போயிருந்தார். பேச்சியம்மா குனிந்து மூக்கில் கை வைத்தாள். பனியில் விறைத்த, தழும்பேறிய, கொழுந்து கிள்ளிக் காய்த்த கை. அதற்கு என்ன தெரியும்?

“ஆயி... போயிட்டாளே!”

போகல. இங்கதான் இருக்கேன். பேச்சிக்கா. இங்க.

குளிப்பாட்டினார்கள். தாடையைத் தூக்கித் துணியால் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். கண்ணை அழுத்தி மூடினார்கள். இடது கண்ணில் ஒரு கீற்று மூடவில்லை. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விடிந்தது. தப்பு முழங்கியது. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கிலிருந்து சனம் வந்தது. யார் நிஜமாக அழுகிறார்கள், யார் பக்கத்துச் சேலையைப் பார்க்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

“நல்ல பொம்பள,” என்றாள் காளியாயி. உயிரோடிருந்தபோது ஒருநாளும் சொல்லாதவள்.

வடிவு வந்து உட்கார்ந்தாள். தலையை அவிழ்த்தாள். வீடு அடங்கியது.

அவள் பாடினாள்.

“என்னா கொரலு,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “நாகுவுக்குக் குடுத்துவச்சிருக்கு.”

விறைத்துக் கிடந்த நாகலெட்சுமிக்குள் இன்னும் சுடச்சுட இருந்தது அது ஒன்றுதான். மூன்றாவது அடியில் மூச்சு எடுக்கக் கூடாத இடத்தில் எடுக்கிறாள். “தாயே”யை இழுக்கத் தெரியவில்லை. நானாக இருந்தால். நானாக இருந்தால்! அந்த ஆத்திரத்தில் ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் அசைந்தது. மூச்சு கொஞ்சம் பெரிதாக வந்தது. இன்னும் கொஞ்சம். யாராவது பாருங்கள். யாராவது.

வாய்க்கரிசி போட வரிசை வந்தது. அரிசி உதட்டில் விழுந்தது. பல்லிடுக்கில் போயிற்று. ஒருத்தி. இன்னொருத்தி. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்தது, அல்லது பயம்.

கடைசியில் வடிவு. குனிந்தாள். கைப்பிடி அரிசியைத் தூவினாள்.

ஓர் அரிசி உதட்டோரத்தில் நின்றது. நாகலெட்சுமி தன்னிடமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

அரிசி நகர்ந்தது.

வடிவின் கை நின்றது. அவள் பார்த்தாள். அரிசியை. பிறகு மூடாத கண் கீற்றை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்ட அத்தனை வருஷத்தையும்விட நேராக.

வடிவு. தங்கச்சி. சொல்லு. கத்து.

இந்தப் பிணம் எழுந்துவிட்டால், பாட்டு அடுத்து யாரிடம் போகும் என்பது வடிவுக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

வடிவு கட்டைவிரலால் அந்த ஓர் அரிசியை மெதுவாக வாய்க்குள் தள்ளினாள். மூடாமல் நின்ற கண்ணை அழுத்தி மூடினாள். கோடித் துணியை இழுத்து முகத்துக்கு மேலே போர்த்தினாள். பிறகு, முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பாடினாள்.

நல்ல பாட்டு. குறை சொல்ல முடியாது.

கந்தப்பன் வருஷம் திரும்புவதற்குள் பேச்சியம்மாவின் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் பேர்ப் பதிவை மாற்றிக்கொண்டு போய்விட்டான். ஆண்பிள்ளை என்ன செய்வான், கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டாமா? இக்ராம் நானா ரேடியோவை விற்றுவிட்டு அந்த இடத்தில் பிஸ்கட் டின் அடுக்கினார். வடிவு கொழும்புக்குப் போகவில்லை. மஸ்கெலியாவில் லொறி ஓட்டும் நல்லமுத்து என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அட்டனில் பஸ் மாறிப் போனவள்தான், திரும்பி வரவில்லை, பாடுவதுமில்லையாம்.

அவள் பேச்சு வந்தால் லயம் இன்றைக்கும் உச்சுக் கொட்டும். பெண்கள் புதைகாட்டுக்குப் போகாத தோட்டம் அது. அன்றைக்கு யார் தடுத்தும் கேட்காமல் பாடைத் தேரின் பின்னாலேயே மலையேறிப் போனாளாம். குழி மூடும்வரை அசையாமல் நின்றாளாம். எல்லாரும் திரும்பிய பிறகு, மண் இன்னும் இறங்கவில்லை என்று அந்த மேட்டின்மேல் தானே ஏறி நின்று, இரண்டு காலாலும் வெகுநேரம் மிதித்து மிதித்து இறுக்கிவிட்டு வந்தாளாம்.

மதினிமேல் அவ்வளவு பாசம்.